பழைய பௌரைடர் படகு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயன்படுத்திய பௌரைடர் ஒன்றைப் பார்க்கப் போகும்போது நண்பர்கள் என்னையும் உடன் அழைப்பது வழக்கமாகிவிட்டது. போகும் வழியில் அவர்கள் கேட்கும் ஐயங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பேசப்படுவது 5 முதல் 6.5 மீட்டர் வரை நீளமுள்ள, ஃபைபர் உடலும் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட, ஏரியில் ஓடும் படகுகளைப் பற்றி மட்டுமே.

பௌரைடர் என்கிறார்களே, சாதாரண மோட்டார் படகுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக்கும் அப்பால், படகின் முன்முனையாகிய அணியத்திலும் திறந்த இருக்கைகள் இருப்பதுதான் பௌரைடரின் அடையாளம். கண்ணாடியின் நடுப்பகுதி கதவுபோலத் திறக்கும். அதன் வழியாக முன்னிருக்கைகளுக்குப் போகலாம். அந்த இடத்தை மூடிய தளமாகவோ சிறு அறையாகவோ அமைத்த படகுகளைக் காட்டிலும் இதில் ஆட்கள் உட்கார இடம் கூடுதல். நீந்துவதற்கும், கயிற்றில் கட்டிய மிதவையை இழுப்பதற்கும், நங்கூரமிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் ஏற்ற அமைப்பு இது.

அந்த வசதியோடு ஒரு குறையும் சேர்ந்தே வருகிறது. திறந்த முன்பகுதி வழியாக அலை உள்ளே ஏற முடியும். அதனால் ஏரிக்கும் அமைதியான ஆற்றுக்கும் இது பொருந்தும். திறந்த கடலுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

நாங்கள் வீட்டில் ஆறு பேர். எத்தனை மீட்டர் படகு போதும்?

ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலோ பின்பக்கத்திலோ பதித்திருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கள். எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். ஐரோப்பிய முறைப்படி ஓர் ஆளுக்கு 75 கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆட்கள், குளிர்பெட்டி, நங்கூரம், நீந்தும் சாமான்கள் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும் என்பதால், தகட்டில் 8 என்று இருந்தால் 6 பேருக்கான படகு என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஆறு பேர் நெருக்கியடிக்காமல் போக 5.8 மீட்டருக்குக் குறையாத படகு வேண்டும்.

ஐரோப்பியத் தகடாக இருந்தால் அதில் ஏ, பி, சி, டி என்ற வகைக் குறியும் இருக்கும். டி என்பது ஏறத்தாழ 0.3 மீட்டர் அலைக்கும், சி என்பது 2 மீட்டர் வரையிலான அலைக்கும் என்று வகுக்கப்பட்டது. சிறிய பௌரைடர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். உங்கள் ஏரி பரந்து விரிந்தது, பிற்பகலில் காற்று எழும்பும் என்றால் டி வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு பழையது வரை வாங்கலாம்? பத்து வருடத்துக்கு மேல் போனால் ஆபத்தா?

ஆண்டைக் கொண்டு படகை எடைபோடுவது காரை எடைபோடுவதைவிடக் கடினம். ஃபைபர் உடல் பராமரிக்கப்பட்டால் முப்பது ஆண்டுகளும் தாங்கும். மூடாமல் மழையில் போட்டால் பத்தே ஆண்டில் உள்ளே உளுத்துவிடும். கூரையின் கீழ் நின்ற 20 ஆண்டுப் படகையும், தார்ப்பாய் கிழிந்து வெட்டவெளியில் கிடந்த 8 ஆண்டுப் படகையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எந்த வருடத்துப் படகு” என்பதன்று. “ஓடாத நாட்களில் எங்கே, எப்படி நிறுத்தி வைத்தீர்கள்” என்பதே.

எஞ்சின் வெளியே தொங்குவது நல்லதா, உள்ளே இருப்பது நல்லதா?

வெளியே தொங்குவது அவுட்போர்டு. எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றி இயக்கும் கால் பின்பலகைக்கு வெளியிலும் இருப்பது ஸ்டெர்ன்டிரைவ். ஸ்டெர்ன்டிரைவை 1959இல் வால்வோ பென்டா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மெர்குரூயிசர் என்ற போட்டித் தயாரிப்பும் வந்து, பல ஆண்டுகள் பௌரைடர் என்றாலே ஸ்டெர்ன்டிரைவ் என்ற நிலை இருந்தது. ஆகவே பழைய படகுச் சந்தையில் அவைதாம் ஏராளம், விலையும் குறைவு. பின்பக்கம் எஞ்சின் இடையூறில்லாமல் நீந்தும் மேடை அகலமாகக் கிடைப்பதும் அதன் கவர்ச்சி.

முதல் படகு வாங்குபவருக்கு நான் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டையே சொல்வேன். செங்குத்தாக நிறுத்தினால் அதிலுள்ள நீர் தானாக வடிந்துவிடும். பழுதானால் கழற்றி மாற்றலாம். படகின் உடலில் பெரிய துளை எதுவும் தேவையில்லை. ஸ்டெர்ன்டிரைவ் என்றால் பின்பலகையில் பெரிய துளை, அதைக் காக்கும் ரப்பர் உறைகள், மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி என்று கவனிக்க வேண்டியவை கூடிவிடுகின்றன. கவனிக்கத் தெரிந்தவருக்கு அது குறையே இல்லை.

15 வருடத்துப் படகு, மீட்டரில் 120 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. அதிர்ஷ்டம்தானே?

பொழுதுபோக்குப் படகுகள் ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 75 மணி நேரம் ஓடுவது வழக்கம். 15 ஆண்டில் 120 மணி என்றால் அது பெரும்பாலும் நின்றே கிடந்திருக்கிறது. நின்று கிடக்கும் எஞ்சினில் ரப்பர் இறுகும், பெட்ரோல் பிசினாகும், நீரை இறைக்கும் இம்பெல்லரின் இதழ்கள் வளைந்த நிலையிலேயே படிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துத் தொட்டியின் அடியில் தனியாகப் பிரித்து நிறுத்தும்.

ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய ரசீதுகளோடு 600 மணி ஓடிய எஞ்சினை நான் அதைவிட நம்புவேன். மணிமானி மாற்றப்பட்டிருக்கவும் கூடும். ஓட்டுநர் இருக்கையின் தேய்மானமும், ஸ்டீயரிங் சக்கரத்தின் வழவழப்பும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைக்கம்பியின் தளர்ச்சியும் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படத்தில் பளபளவென்று இருக்கிறது. நேரில் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பளபளப்பை விட்டுவிட்டு ஈரத்தைத் தேடுங்கள். பழைய பௌரைடர்கள் பலவற்றில் ஃபைபருக்குள்ளே மரம் இருக்கிறது: எஞ்சினைத் தாங்கும் பின்பலகையாகிய டிரான்சம், தரைக்கு அடியில் நெடுக ஓடும் ஸ்டிரிங்கர் கட்டைகள், தரைப்பலகை ஆகியவை பெரும்பாலும் ஃபைபர் போர்த்திய ஒட்டுப்பலகையே. யாரோ ஒருவர் ஏணி பொருத்தத் துளையிட்டுச் சரியாக அடைக்காமல் விட்டால், அந்தத் துளை வழியே நீர் கசிந்து, வெளியே ஒரு தடயமும் இல்லாமல் உள்ளே மரம் ஆண்டுக்கணக்கில் அழுகும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம். டிரான்சம் போனால் படகையே அறுத்துத் திறக்க வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் சுத்தியலின் கைப்பிடியாலோ நாணயத்தாலோ டிரான்சத்தை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் தலையணையைத் தட்டியதுபோல மந்தமாக இருக்கும். அவுட்போர்டு என்றால் எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். எஞ்சினோடு டிரான்சமும் அசைந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னிருக்கைகளின் அடி, ஓட்டுநர் காலடி, எஞ்சின் மூடியின் முன்புறம் என்று தரை முழுவதும் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள்.

ஒருமுறை நண்பர் ஒருவருக்காகப் பார்த்த படகில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. தரைவிரிப்பு அந்த வாரம்தான் ஒட்டியதுபோலப் புதிது. அதனாலேயே எனக்குச் சற்று உறுத்தியது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, நீந்தும் ஏணியின் கீழ்த் திருகு ஒன்றைக் கழற்றினேன். திருகின் நுனி கறுத்திருந்தது. துளையிலிருந்து ஆறிப்போன தேநீர் நிறத்தில் நீர் சொட்டத் தொடங்கி, நாங்கள் விடைபெறும்வரை நிற்கவே இல்லை. மழைக்காலத்து விறகுக் கொட்டகையின் வாடை அதில் இருந்தது. விற்பவரும் உண்மையிலேயே திடுக்கிட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

தரைக்கு அடியில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? உடைத்தா பார்க்க முடியும்?

தரைக்குக் கீழே மிதப்புக்காக நுரைப்பஞ்சு அடைத்திருப்பார்கள். அது நீரைக் குடித்துவிட்டால் வெளியே விடுவதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடைமேடை. படகை டிரெய்லரோடு நிறுத்தி, தயாரிப்பாளர் குறித்த எடையோடு டிரெய்லர், எரிபொருள், சாமான்கள் ஆகியவற்றின் எடையைக் கூட்டி ஒப்பிடுங்கள். விளக்கம் சொல்ல முடியாதபடி 150, 200 கிலோ மிகுந்தால் அந்த எடை பெரும்பாலும் தண்ணீர்தான். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று கணக்கிடுங்கள்.

உடலில் சிலந்திவலை மாதிரிக் கோடுகள் இருக்கின்றன. வாங்கலாமா?

ஃபைபரின் மேல் பூசியிருக்கும் வண்ணப் படலமாகிய ஜெல்கோட் கடினமானது, வளையாது. அதில் மட்டும் மயிரிழைபோல வெடிப்புகள் இருந்தால், குறிப்பாக மூலைகளிலும் கொக்கிகளைச் சுற்றியும் இருந்தால், பெரும்பாலும் அது அழகுக்குறை மட்டுமே. விரல்நகம் சிக்கிக்கொள்ளும் அளவு ஆழமான வெடிப்பு, ஒரே திசையில் நீளமாக ஓடும் வெடிப்பு, டிரான்சத்தின் மூலைகளில் எஞ்சினை நோக்கி விரியும் வெடிப்பு ஆகியவை வேறு கதை. அங்கே மேலே சொன்ன தட்டிப்பார்க்கும் சோதனையை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள்.

படகின் கீழே படுத்து, அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பாகிய ஏராவையும் பாருங்கள். கரையில் ஏற்றி ஏற்றி இழுத்த படகில் அடிமுனை தேய்ந்து ஃபைபர் இழையே தெரியும். ஒரு பக்கம் மட்டும் நிறம் சற்று மாறியிருந்தால் முன்பு அடிபட்டுச் செப்பனிட்டிருக்கிறார்கள். செப்பனிட்டது தவறன்று, கேட்டபோது மறைத்தால்தான் தவறு.

ஸ்டெர்ன்டிரைவ் படகே கிடைத்திருக்கிறது. தனியாக எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் பெல்லோஸ் எனப்படும் மடிப்பு ரப்பர் உறைகள். இயக்கும் காலை முழுவதும் உயர்த்தி, இருபுறமும் திருப்பி, மடிப்புகளின் உட்பக்கத்தை விளக்கு அடித்துப் பாருங்கள். பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். கிழிந்துவிட்டால் நீர் முதலில் உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் இணைப்புகளையும் துருவேற்றும். கவனிக்காமல் விட்டால் படகு கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கவும் கூடும். பேரிங் கெட்டதை ஒலியே சொல்லிவிடும்: எஞ்சின் ஓடும்போது சக்கரத்தை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் அடித்தொண்டையில் உறுமுவதுபோலக் கேட்கும்.

அடுத்து கியர் ஆயில். படகு ஓரிரவு நின்ற பிறகு, இயக்கும் காலின் கீழ்த்திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஆயிலைவிடக் கனமானது என்பதால் நீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால்போல வெளுத்திருந்தாலும் நீர் புகுந்திருக்கிறது என்றே பொருள். திருகின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பு. கையில் உறுத்தும் உலோகச் செதில்கள் இயல்பன்று. இந்த ஆயில் சோதனை அவுட்போர்டுக்கும் அப்படியே பொருந்தும்.

“குளிர்காலத்தில் தண்ணீரை வடித்தீர்களா” என்று ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கிறது. ஏரி நீரையே இழுத்துக் குளிரவைக்கும் ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சினில் நீரை வடிக்காமல் ஒரே ஓர் உறைபனி இரவைக் கழித்தாலும் வார்ப்பிரும்பு பிளாக் வெடிக்கக் கூடும். பிளாக்கின் பக்கவாட்டில் துருவொழுகிய கோடு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், பிசின் பூசிய தடம் ஆகியவற்றைத் தேடுங்கள். எஞ்சின் ஆயில் அளவுகோலில் பால்நிற நுரை தெரிந்தால் நீர் ஆயிலில் கலந்திருக்கிறது. குளிர் கடுமையாக உள்ள இடத்திலிருந்து வரும் படகுக்கு இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். வெப்பமான ஊரிலேயே காலம் கழித்த படகுக்கு இது பொருட்டன்று.

கடலில் ஓடிய படகு என்றால் விட்டுவிடலாமா?

ஏரிப் படகுகள் போதுமான அளவு கிடைக்கும் சந்தையில் விட்டுவிடலாம். உப்புநீரை நேரடியாக இழுத்துக் குளிர்ந்த ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்களாகிய மேனிஃபோல்டுகளும் ரைசர்களும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுவிடும்; நன்னீரில் அவை பலமடங்கு காலம் உழைக்கும். விற்பவர் ஏரிப் படகு என்றே சொல்லலாம். அப்போது இயக்கும் காலில் பொருத்திய அரிமானத் தடுப்பு உலோகத் துண்டைப் பாருங்கள்: நன்னீருக்கு மக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம் போடுவது வழக்கம். வயரிங் முனைகளில் பச்சைப் பூஞ்சைபோலப் படிந்திருப்பதும் உப்பின் கையெழுத்துதான்.

நீரில் ஓட்டிப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்? எனக்கு ஓட்டவே இப்போதுதான் தெரியும்.

நீங்கள் போகும்வரை எஞ்சினை முடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் சூடேற்றியிருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் ஓரிரு முயற்சியில் உயிர்பெற்று, ஒரு நிமிடத்தில் சீராக ஓட வேண்டும். அவுட்போர்டில் பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர்த்தாரை விடாமல் பீய்ச்ச வேண்டும்.

ஏரியில் இறங்கியபின் கணிசமான ஆட்களோடு வேகமெடுங்கள். முன்பக்கம் உயர்ந்து, பின்பு தணிந்து, நீர்மேல் சறுக்கத் தொடங்க 5 முதல் 8 விநாடி ஆகலாம். அதைவிட வெகுநேரம் தவித்தால் எஞ்சின் தளர்ந்திருக்கலாம், புரொப்பெல்லர் பொருந்தாததாக இருக்கலாம், அல்லது மேலே எடைமேடையில் தேடிய அந்தத் தண்ணீர் இருக்கலாம். முழு வேகத்தில் சுழற்சிமானியைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த வரம்புக்குள் அது வர வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று, சிறிய ஸ்டெர்ன்டிரைவ்கள் பலவற்றுக்கு 4400 முதல் 4800. சிறிது முன்பின் இருந்தால் புரொப்பெல்லர் மாற்றிச் சரிசெய்யலாம்: ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரக் கணக்காகிய பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும்.

இருபது நிமிடம் ஓட்டியபின் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு மறுபடி முடுக்குங்கள். பின்னோக்கி ஓட்டுங்கள். இரு பக்கமும் கூர்மையாகத் திருப்புங்கள். கரைக்கு வருமுன் எஞ்சின் மூடியைத் திறந்து அடிக்குழியைப் பாருங்கள். புறப்படும்போது உலர்ந்திருந்த குழி இப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஏரிக்குக் கொண்டுபோக நேரமில்லை, வீட்டிலேயே குழாய்த் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். போதாதா?

போதாது. குழாய்நீரில் ஓடும் எஞ்சின் எந்தச் சுமையையும் சுமப்பதில்லை; மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அதில் தெரியாது. உண்மையிலேயே இயலாத சூழல் என்றால், மெக்கானிக்கைக் கொண்டு சிலிண்டர்களின் கம்பிரஷனை, அதாவது உள்ளழுத்தத்தை, அளந்து, மிகுந்ததற்கும் குறைந்ததற்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓட்டிப் பார்த்தபின் மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் நான் வாங்கியதில்லை.

எஞ்சின் அறையில் லேசான பெட்ரோல் வாடை. பழைய படகில் இருக்கத்தானே செய்யும்?

இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் உள்ளே எஞ்சின் உள்ள படகுகளில் ஊதுவிசிறி வைத்து, முடுக்குமுன் நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். விசிறி ஓடுகிறதா, அதன் குழாய் அடிக்குழிவரை நீள்கிறதா, எரிபொருள் குழாய்கள் வெடித்தோ இளகியோ உள்ளனவா என்று பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த எஞ்சின்கள் பல கார் எஞ்சின்களின் உறவே என்பதால், மலிவு கருதிக் காரின் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ பொருத்திவிடுகிறார்கள். படகுக்கான பாகம் பொறி வெளியே வராதபடி மூடப்பட்டது, காருக்கானது அப்படியன்று. அப்படிப்பட்ட மாற்றத்தைக் கண்டால் அந்த எஞ்சினில் வேறு என்னென்ன சிக்கனம் செய்திருக்கிறார்கள் என்ற சந்தேகமும் எனக்கு வந்துவிடும்.

டிரெய்லரும் சேர்த்துத் தருகிறார். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, வழியில் நின்றுபோவது பெரும்பாலும் டிரெய்லர்தான். சூடான சக்கரக் குடத்தை அப்படியே குளிர்நீரில் இறக்குவதால் பேரிங்குகளுக்குள் நீர் இழுக்கப்படுகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. சற்றுத் தூரம் இழுத்துச் சென்றபின் குடம் கை வைக்க முடியாத அளவு சுடக் கூடாது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பட்டன் தேயாமலே இருந்தாலும் ஆறாண்டு கடந்த டயரை மாற்றிவிடுங்கள்.

5.5 மீட்டர் பௌரைடர் டிரெய்லரோடும் எரிபொருளோடும் சேர்ந்து 1500 கிலோவை நெருங்கும். உங்கள் காரின் இழுவைத் திறனை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கொக்கியின்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல ஆடும்.

ஆவணங்களில் எதைச் சரிபார்ப்பது?

பின்பலகையின் வலப்பக்கம், மேல்விளிம்புக்கு அருகில் உடல் அடையாள எண் பொறித்திருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் இது கட்டாயம். 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் மூன்று தயாரிப்பாளரின் குறி, அடுத்த ஐந்து வரிசை எண், கடைசி நான்கு காலம். 1984 ஆகஸ்டுக்குப் பிந்தைய முறையில், அந்தக் கடைசி நான்கு சி415 என்றிருந்தால் ‘சி’ மார்ச் மாதம், ‘4’ 2014, ‘15’ 2015ஆம் ஆண்டு மாடல். அது சுரண்டப்பட்டிருந்தாலோ பதிவுச் சான்றோடு ஒத்துப்போகாவிட்டாலோ மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. மூன்றையும் எழுதிக்கொண்டு, கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் நானே பார்த்துவிட்டேன். படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்கு ஏன் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்?

உங்களுக்கு அந்தப் படகு பிடித்துவிட்டது, அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு காரணமே போதும். ஈரமானியும் அனுபவமும் அவரிடம் இருக்கின்றன, காப்பீட்டு நிறுவனமும் பழைய படகுக்கு அவருடைய அறிக்கையைக் கேட்கலாம். ஆனால் படகு சர்வேயர் பலர் எஞ்சினை ஆழமாகச் சோதிப்பதில்லை. அதற்கு மெக்கானிக் தனி. விற்பவரே கூட்டிவரும் சர்வேயரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகளை முன்னிருக்கையில் உட்கார வைக்கலாமா? அதற்காகத்தானே இந்தப் படகே?

வைக்கலாம், இருக்கையில் சரியாக உட்கார்ந்து, லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தால். படகு நகரும்போது விளிம்பின்மேல் ஏறி உட்காரவோ, கால்களை வெளியே தொங்கவிடவோ விடாதீர்கள். முன்னால் விழுபவர்மேல்தான் படகும் புரொப்பெல்லரும் ஏறும். வாங்கும்போதே முன்பகுதிக் கைப்பிடிகள் அசைகின்றனவா, பக்கச்சுவர் பிள்ளைகளின் முதுகுக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னால் எடை கூடினால் அணியம் தாழும். பெரிய படகு ஒன்று கடந்துபோக, அதன் அலையில் நீங்கள் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், உங்கள் அணியம் அலைக்குள் குனிந்து நீரை அள்ளிக்கொள்ளும். பல பௌரைடர்களில் அந்த நீர் வெளியே வடியாமல் அடிக்குழிக்கே போகும். நீரிறைப்புப் பம்பு ஓடுகிறதா என்று ஒரு வாளி நீரை ஊற்றியே சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். மற்றொரு பக்கம், எஞ்சின் ஓடும்போது பின்மேடையிலும் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

இருக்கைகள் கிழிந்திருக்கின்றன, பாட்டுப்பெட்டி வேலை செய்யவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லலாமா?

தாராளமாக. வெறும் உறை மட்டும் கிழிந்திருந்தால் அது பேரத்துக்கு நல்ல பிடி. இருக்கையின் அடிப்பலகை உளுத்திருந்தால் மட்டும் அதே நீர் வேறெங்கே போனது என்று தேடுங்கள்.

டிரான்சம் கெட்டுவிட்டது என்று அவரே சொல்லி, பாதி விலைக்குத் தருகிறார். நானே சரிசெய்துகொண்டால் லாபம்தானே?

உங்களுக்கு ஃபைபர் வேலை பழக்கமானது, ஒரு கொட்டகையும் ஒரு பருவகாலமும் கையில் இருக்கின்றன என்றால் செய்யலாம். எஞ்சினை இறக்கி, பின்பலகையின் ஒரு தோலை அறுத்தெடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டி, உலரவிட்டு, புதுப்பலகை ஒட்டிப் போர்த்த வேண்டும். அறுத்தபின் பெரும்பாலும் ஸ்டிரிங்கரும் சேர்ந்து அழுகியிருப்பது தெரியவரும். அப்போது தரையையும் தூக்க வேண்டும். கூலி கொடுத்துச் செய்வதானால், சிறிய படகில் அந்தச் செலவு பெரும்பாலும் நல்ல படகு ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். ஒளிக்காமல் சொன்ன அந்த விற்பவரிடம் எனக்கு மரியாதை உண்டு. படகை மட்டும் வாங்க மாட்டேன்.

எஞ்சின் கெட்டு, உடல் உலர்ந்து உறுதியாக இருக்கும் அவுட்போர்டு படகு பாதி விலைக்கு வந்தால் அது நேர்மாறான கதை. அதை நான் உட்கார்ந்து யோசிப்பேன்.

வாங்கியாயிற்று. முதல்முறை இறக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

ரசீது இல்லாதவற்றையெல்லாம் செய்யப்படாதவை என்றே வைத்துக்கொண்டு இம்பெல்லர், எஞ்சின் ஆயில், கியர் ஆயில், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். படகு வேறு ஏரியிலிருந்து வருகிறது என்றால் நன்றாகக் கழுவி, வடித்து, முழுவதும் காயவிட்ட பின்பே இறக்குங்கள். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் காணப்பட்டது. அங்கிருந்து மற்ற ஏரிகளுக்குப் பரவியதில் டிரெய்லரில் பயணித்த படகுகளுக்கும் பங்கு உண்டு. முதல் சில பயணங்களில் எரிபொருளை மூன்று பங்காக்கி, போக ஒன்று, திரும்ப ஒன்று, கையிருப்பு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படகின் எரிபொருள்மானியை அதற்குமுன் நம்ப வேண்டாம்.

இறக்குமுன் பின்னடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைத் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், படகோட்டிகளில் பெரும்பாலோர் ஒருமுறையாவது அதை மறந்தவர்கள்தாம். நான் அதை எஞ்சின் சாவியின் வளையத்திலேயே கோத்து வைக்கிறேன். அது கையில் தொங்கும்வரை சாவியைப் போட முடியாது.